ராயபுரத்தில் துப்பிய திராட்சரசம்

புதுச்சேரியில் யாராவது என் தொழில் என்ன என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். துப்புவதுதான் என் தொழில். கப்பலில் வந்து இறங்கும் ஒயின் பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, நாக்கில் புரட்டி, மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பார்த்து, மரத்தூள் கொட்டிய பெட்டியில் துப்பிவிட வேண்டும். பிறகு என் முதலாளியான பிரெஞ்சுக்காரரிடம் நல்லது, கெட்டது, கெடப்போவது என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களாக இந்த மூன்றில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. ராயபுரத்தில் இருந்த அந்த ஒரு வாரத்தில்தான் வந்தது.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சென்னைக்குப் போவதென்றால் எங்களுக்கு அயல்நாட்டுக்குப் போவது. அந்த நாட்டில் மதுவிலக்கு வேறு. குடிக்கவே கூடாத ஊரிலிருந்து ஒயின் ருசி பார்க்க ஆள் கேட்டு வந்தபோது, முதலாளி யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தார். கேட்டவர் ராயபுரத்தில் பங்குச் சாமியாராக இருந்த அருளப்ப சாமியார். பூசைக்கு வேண்டிய திராட்சரசம் சீமையிலிருந்து வருவது அடிக்கடி தடைப்பட்டது. அதனால் இந்த நாட்டுத் திராட்சையிலேயே ரசம் செய்பவர்கள் யார் யார் என்று விசாரித்து, அரசாங்கத்தில் அனுமதியும் வாங்கி, நான்கு இடங்களிலிருந்து தலா ஒரு சின்னப் பீப்பாய் வரவழைத்திருந்தார். பூசைக்கு ஏற்றது எது என்று மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, அவர் சொல்ல வேண்டும். ருசி பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் சென்னையிலேயே இருந்திருப்பார்கள். தெரியும் என்று வெளியில் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

ராயபுரத்தில் இறங்கியதும் என் மூக்கு திணறிப்போயிற்று. ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் எஞ்சின் கரிப்புகை, படகுகளுக்குப் பூசும் தார், எங்கிருந்தோ தோல் ஊறும் வாடை. எங்கள் ஊரிலும் கடல் உண்டு; ஆனால் அது கடற்கரைச் சாலையோடு நின்றுகொள்ளும். இங்கே கடல் சந்து சந்தாகப் புகுந்து, காய்ந்துகொண்டிருந்த வலைகளில் எல்லாம் தொங்கியது. இந்த மூக்கை வைத்துக்கொண்டு நாளைக்கு எதை முகர்ந்து எதைச் சொல்வது என்று அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

ஜட்காக்காரரிடம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றேன்.

"எந்தக் கோயிலு? அம்மன் கோயிலா, மாதா கோயிலா?"

"மாதா கோயில்."

"எந்த மாதா? இங்க தெருவுக்கு ஒரு மாதா கீது, நைனா."

சாமியார் பெயரைச் சொன்ன பிறகுதான் குதிரை நகர்ந்தது. நான் எந்த ஊர் என்று தெரிந்ததும் அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குதிரை தன் போக்கில் போயிற்று. "பாண்டிச்சேரியா! உங்கூர்ல கொழாயத் தொறந்தா சாராயமே வருமாமே? நெசந்தானா?" என்றார். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இறங்கும்போது, "குட்த்து வச்ச ஊரு" என்று பெருமூச்சு விட்டார்.

அருளப்ப சாமியார் ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா சவரிராயா, நல்ல நேரத்துலதான் வந்த. இங்க எல்லாம் குழம்பிக் கிடக்கு" என்றார். கோயிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைத் திறந்து காட்டினார். போன வாரம் பெய்த மழையில் தெருத் தண்ணீர் உள்ளே புகுந்து, நான்கு பீப்பாய்களும் மிதந்திருக்கின்றன. தண்ணீர் வடிந்தபோது ஒன்று ஜன்னலோரம் ஒதுங்கியிருந்தது, ஒன்று மாதா சுரூபச் சிலை வைக்கும் பெட்டியின் மேல் சாய்ந்திருந்தது. எது யாருடையது என்று அவற்றின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். அந்த எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாமியாரே காலிப் பீப்பாய்களை ஒரே இடத்தில் வாங்கி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அதனால் நான்கும் கூடப் பிறந்தவை போல் இருந்தன.

அந்த அறை வாசலில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கம்பம் பக்கத்திலிருந்து தன் பீப்பாயோடு வந்த லூர்து. ரசம் செய்து அனுப்பிய மற்றவர்கள் தபாலுக்காகக் காத்திருக்க, இவர் மட்டும் ஊருக்குத் திரும்பாமல் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்துக்கொண்டு, கையோடு முடிவைக் கேட்டுப் போகக் காத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ருசி பாக்குறவுக நீங்கதானாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, சளி கிளி இருக்கிறதா என்று விசாரித்தார். என் மூக்கைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகக் கவலை.

மறுநாள் காலை ஆப்பமும் வடகறியும் கொடுத்தார்கள். வடகறியின் சோம்பு வாசனை நாக்கை விட்டுப் போகாது என்று ஆப்பத்தை மட்டும் வெறுமனே தின்றேன். இன்றுவரை அந்த வடகறியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ருசி பார்க்க உட்கார்ந்தபோது மதுவிலக்குக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். பெயர் முனுசாமி, வியாசர்பாடிக்காரர். பூசைக்குத்தான் அனுமதியே தவிர, அதற்கு முன்னால் யார் தொண்டையிலும் ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நான் துப்புகிறேனா என்று பார்ப்பது அவர் வேலை. ஊற்றிக்கொள்வதற்கு முன்னால் ஓர் அளவுக் குவளை, துப்பியதற்குப் பின்னால் ஓர் அளவுக் குவளை என்று கொண்டுவந்திருந்தார்.

"துப்பறதுக்கு இன்னாத்துக்கு சார் ஊத்திக்கிணும்?" என்று கேட்டார்.

"அதுதான் வேலை."

"கெவர்மெண்டு வேலையா?"

இல்லை என்றேன். அவர் முகத்தில் குழப்பம் கூடியது.

முதல் பீப்பாய் வெளிறிய மஞ்சள். நிறத்தைப் பார்த்ததுமே ஹைதராபாத் பக்கத்துப் பச்சைத் திராட்சை என்று சாமியார் சொல்லிவிட்டார். பளிங்குபோல் தெளிவு. வாயில் ஊற்றியதும் எலுமிச்சைத் தோலின் லேசான கசப்பு, அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வந்துவிட்டுப் போனவர் வந்ததாகவே தெரியாத மாதிரி. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சென்னை வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது.

துப்பினேன். முனுசாமி குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் கறுத்தது. "சார், உள்ள போனதவிட வெளிய வந்தது ஜாஸ்தி கீதே!"

"எச்சில்" என்றேன்.

"அதுக்கு நான் இன்னான்னு கணக்கு சொல்றது? ஆபீஸ்ல கேப்பாங்களே. பேஜாராப் பூடும் சார்." பிறகு அவராகவே குவளைகளை ஓரமாக வைத்துவிட்டு, என் தொண்டையை மட்டும் கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டாவது மசி நிறம். பெங்களூர் நீலம் என்று ஊரார் சொல்லும் திராட்சை. பீப்பாயைத் திறந்ததும் அறை முழுக்க இனிப்பாக ஒரு மணம் பரவியது. லூர்து முகம் வாடியது. ஆனால் அந்த மணத்தின் அடியில் நனைந்த விலங்கின் ரோம வாடை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த வாடைக்கு நரியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என் முதலாளி இதைக் கண்டால் பீப்பாயைக் கடலில் உருட்டிவிடுவார். "நரி வாசனை" என்று நான் சொன்னதும் முனுசாமி எழுந்து நின்றுவிட்டார்.

"நரியப் போட்டாக் காச்சியிருக்கான்?"

சாமியார் அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்.

மூன்றாவதுதான் என்னைக் கலங்கடித்தது. மெல்லிய சிவப்பு, மாதுளை முத்தைப் பிழிந்த மாதிரி. முகர்ந்தேன். ரோஜாப்பூ. யாரோ பன்னீரைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைக் கொப்பளித்தேன். ராயபுரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்றை மென்று நாக்கைத் துடைத்துக்கொண்டு ஊற்றினேன். இனிப்பு இல்லை. மிருதுவான புளிப்பு, நாக்கின் இரு ஓரத்திலும் இளம் தேயிலைபோல் ஒரு துவர்ப்பு. துப்பிய பிறகும் அந்த ரோஜா தொண்டையின் வாசலிலேயே நின்றது. ஊற்றிய வாசனை இப்படி நிற்காது. இது பழத்திலேயே இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு சிவப்பு ஒயினை நான் சந்தித்ததே இல்லை. நல்லது, கெட்டது, கெடப்போவது என்ற மூன்றில் எதைச் சொல்வது என்று தெரியாமல் இன்னொரு வாய் ஊற்றித் துப்பினேன். கடைசியில், "சாமி, கெட்டதில்லை. நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இது என்ன என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

நான்காவதும் அதே மெல்லிய சிவப்பு. திறந்ததும் கண்ணில் நீர் வந்தது. ருசி பார்க்கவே தேவையில்லை, காடியாக, அதாவது வினிகராக மாறியிருந்தது. காடியாகிவிட்டால் பூசைக்கு ஆகாது என்பது திருச்சபைச் சட்டம். பீப்பாயை விளிம்புவரை நிரப்பாமல் மூடியிருந்தார்கள். உள்ளே இருந்த காற்று அதைக் கெடுத்துவிட்டது.

லூர்து ஓடிவந்து மூன்றாவது பீப்பாயில் மூக்கை வைத்தார். "இதுதாண்ணே! நம்ம பன்னீருத் திராச்சை! அந்த வாசனைக்குத்தான் எங்க பக்கம் பன்னீருன்னே பேரு" என்று கத்தினார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினார். முனுசாமி கையை விரித்து மறித்தார். "உன் சரக்காவே இருக்கட்டும். வாயில வச்சா கேஸு."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாலையில் பெரம்பூரிலிருந்து டெய்சியம்மா நவநாள் ஜெபத்துக்கு வந்தார். ரசம் அனுப்பிய நால்வரில் அவரும் ஒருவர். ரயில் எஞ்சின் ஓட்டிய கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கும் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. கோடு போட்ட கவுன், தலையில் கறுப்பு வலைத்துணி. கொல்லையில் ஒரே ஒரு திராட்சைப் பந்தல். மதுவிலக்குக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு ரசம் செய்து ஊரெல்லாம் கொடுத்தவர். அவரும் சாமான் அறைக்கு வந்து, மூன்றாவது பீப்பாயை முகர்ந்து, "ஓ, இது என்னுது மேன்!" என்று கைதட்டினார்.

லூர்து என்னைப் பார்த்தார். சாமியார் என்னைப் பார்த்தார். நான் பீப்பாயைப் பார்த்தேன்.

"கொடியில் இருக்கும் பழத்தைத் தின்று பார்த்தால் சொல்லிவிடுவேன்" என்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் நானும் லூர்துவும் பெரம்பூருக்குக் கிளம்பினோம். ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டரிடம் வழி கேட்டேன். "இந்தாண்ட வர்றது போவாது. அந்தாண்ட நிக்கிறதுல குந்திக்கினு போ, நடுவுல எறங்கி வேற வண்டி மாறிக்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மூட்டையோடு போய்விட்டார். இந்தாண்ட எது, அந்தாண்ட எது என்று நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் நின்று விவாதித்தோம். லூர்துவுக்கு அங்கிட்டு இங்கிட்டுதான் தெரியும். எனக்கு அதுவும் இல்லை. கடைசியில் எது கிளம்பியதோ அதில் ஏறினோம்.

வண்டி வடக்கே போயிற்று. திருவொற்றியூரில் கோயில் கோபுரம் தெரிந்தது. "பெரம்பூருல கோபுரம் இருக்குமாண்ணே?" என்று லூர்து கேட்டார். இருக்கலாம் என்றேன். பிறகு வெள்ளை வெளேரென்று உப்பளங்கள் வந்தன. ரயில்வே பட்டறை உள்ள ஊரில் உப்பளம் எதற்கு என்று எனக்குச் சந்தேகம் வந்து, அடுத்து வண்டி நின்றதும் இறங்கினோம். எண்ணூர் என்று எழுதியிருந்தது.

திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்ததால் கழிமுகம்வரை நடந்தோம். தென்னங்கீற்று நிழலில் ஒரு பெண் இறால் வறுத்துக்கொண்டிருந்தார். பெரம்பூர் எங்கே என்று கேட்டதற்கு, "அய்ய! அது எங்கியோ கீது, நீங்க எங்கியோ வந்துகினு கீறீங்க!" என்று சிரித்து, வாழை இலைத் துண்டில் இறாலை அள்ளி வைத்தார். காரமும் உப்பும் மிளகும். இனி இன்றைக்குப் பெரம்பூர் போய்ச் சேர முடியாது, ருசி பார்க்கும் வேலையும் இல்லை என்பதால் இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன். லூர்து ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"அண்ணே, இது தோத்துச்சுன்னா நான் ஊருக்குப் போக முடியாது" என்றார். அவர் மனைவியின் அண்ணன்மார்களும் அவரும் சேர்ந்து வைத்திருக்கும் நிலம் அது. மதுவிலக்கு வந்ததும், திராட்சை போட்டால் போலீஸ்தான் வரும், பிடுங்கிவிட்டு வாழை வைக்கலாம் என்று மச்சான்மார்கள் சொல்லிவிட்டார்கள். கோயிலுக்கு ரசம் போகும் என்று சொல்லித்தான் இவர் தடுத்து வைத்திருக்கிறார். "நான் போறதுக்குள்ளயே மம்பட்டிய எடுத்து வச்சிருப்பாய்ங்க. எங்க அப்பா நட்ட கொடிண்ணே. அடி ஒவ்வொண்ணும் என் தொடை தண்டி இருக்கும்."

கழிமுகத்தில் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே வந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் கடல் என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் அது தீர்ப்பு மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன்.

அதற்கடுத்த நாள் முனுசாமி எங்களை அழைத்துப்போனார். "நேத்து எண்ணூருக்கா பூட்டீங்க?" என்று வழி முழுக்கச் சிரித்தார். பெரம்பூரில் தெருவெல்லாம் நேராக, மரங்களோடு, எங்கள் ஊர் வெள்ளைக்காரர் தெருவை ஞாபகப்படுத்தியது. பட்டறைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெள்ளம்போல் வந்தன. நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம்.

டெய்சியம்மாவின் பந்தல் கொல்லையை முழுக்க மூடியிருந்தது. குருவிகள் கொத்தியது போக ஒரு குலை மிச்சம் இருந்தது. ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். தோல் விலகி உள்ளே சதை வழுக்கியது. பின்னாலேயே அந்த ரோஜா வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது; ஆக மூன்றாவது பீப்பாய் இவருடையதுதான்.

அதற்குள் லூர்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, கொடியின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது எங்க கொடிண்ணே" என்றார் மெதுவாக.

விசாரித்தோம். டெய்சியம்மாவின் கணவர் ஒரு காலத்தில் திண்டுக்கல் பக்கம் வண்டி ஓட்டியவர். அங்கே பெரியகுளம் அருகே ஒரு வெள்ளைக்காரச் சாமியார் தோட்டத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, எஞ்சினிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். லூர்துவின் அப்பா முதல் குச்சியை வாங்கியதும் அதே தோட்டத்தில்தான்.

"அப்ப ரெண்டும் ஒரே சரக்கா?" என்றார் முனுசாமி.

ஒரே திராட்சை. ஒரே நிறம், ஒரே மணம். ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று காடியாகிவிட்டது. எது யார் கையால் ஆனது என்று எந்த நாக்கும் சொல்ல முடியாது. பிரான்சிலிருந்தே ஆள் வந்தாலும் முடியாது. டெய்சியம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தார். லூர்து தன் மச்சான்மார்களைப் பற்றி அவரிடமும் சொன்னார். அவர் கேக்கை அறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாமியார் எல்லோரையும் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன். மூன்றாவதே சிறந்தது. அந்தத் திராட்சை பூசைக்கு ஏற்றது. ஆனால் செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. சாமியார் நெற்றியைத் தேய்த்தார். ரசம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கெடாமல் செய்யத் தெரிந்தவர் யார் என்பதுதான் மேற்றிராணியாருக்கு வேண்டும். சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. லூர்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டெய்சியம்மா முனுசாமியைப் பார்த்து, "காடிக்கு உன் சட்டம் உண்டா மேன்?" என்று கேட்டார்.

முனுசாமி யோசித்தார். "அதுல போதை ஒண்ணியும் இல்லியே. அது ஊறுகா மாதிரி."

டெய்சியம்மா நான்காவது பீப்பாயில் விரலை விட்டு, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் கோணவில்லை. "ஆமா, இது என்னுது" என்றார். "எனக்கு எப்பவும் இப்டித்தான் ஆகும். நான் மூடிய லூசா விட்டிருப்பேன். நல்லா இருக்கறது அவன் சரக்கு, சாமி."

சாமியார், "நிச்சயமா அம்மா?" என்று கேட்டார்.

"நிச்சயம்."

லூர்து அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். சத்தமே வரவில்லை; முதுகு மட்டும் குலுங்கியது. முனுசாமி அவர் தோளைத் தட்டி, "எந்திரி மாமு, தொப்பி போட்ட ஆளு எதிர்ல அழுவாத, கேஸுன்னு நெனப்பாங்க" என்றார்.

டெய்சியம்மாவை ரிக்‌ஷா ஏற்றிவிட நான் தெருமுனைவரை போனேன். மனது கேட்கவில்லை. "அம்மா, அந்தக் காடி நிஜமாகவே உங்களுடையதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு எப்டித் தெரியும் மேன்? ருசி பாக்கற உனக்கே தெரியல." வலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "என்னுதா இருக்கலாம். அவனுதா இருக்கலாம். என் கொடிய யாரும் மம்பட்டி எடுத்துட்டு வந்து வெட்ட மாட்டாங்க. நான் சாகற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். நீ போய் அவனுக்கு ஒழுங்கா மூடச் சொல்லிக் குடு."

ரிக்‌ஷா போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். காடி லூர்துவுடையதாக இருந்து, நாளைக்கு அவர் அனுப்பும் பீப்பாய் எல்லாம் காடியானால் பழி என் நாக்குக்கு. சாமியாரிடம் போய்ச் சொல்லலாமா? சொன்னால் டெய்சியம்மா பொய் சொன்னதாக ஆகும். ஆனால் அவர் பொய்தான் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியாதே. இந்தக் குழப்பத்தோடு திரும்பிவந்து, லூர்துவை உட்கார வைத்து, பீப்பாய்க்குள் கந்தகத்தைக் கொளுத்திப் புகை போடுவது எப்படி, விளிம்புவரை நிரப்புவது ஏன், குறையக் குறைய எப்படி ஊற்றிச் சரிசெய்வது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் என்னிடமே ஒப்பித்துக் காட்டினார். மேற்றிராணியாரிடம் சொல்லும்படி சாமியாரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன்: வரும் பீப்பாய் ஒவ்வொன்றையும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும். சாமியார் என் முகத்தையே பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த மூன்றாவது பீப்பாய் ரசத்தைத்தான் வைத்தார்கள். கோயில் நிறைய மீனவக் குடும்பங்கள். குழந்தைகளின் தலையெண்ணெய் வாசனை. லூர்து என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். சாமியார் பீடத்தைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கிக் குடித்தார். லூர்து கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார். "மொகம் தெரியலையேண்ணே" என்று என் காதில் கிசுகிசுத்தார். சாமியாரின் தோள்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன. பிறகு எப்போதும்போல் பூசை நடந்தது.

பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்கு ஓடினோம். சாமியார் உடுப்பைக் கழற்றியபடி, "கல்யாணப் பூசைக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும். செத்தவங்க பூசைக்கு ரோஜா வாசனை அடிச்சா ஜனங்க என்ன சொல்வாங்கன்னுதான் தெரியல" என்றார். சிரித்தார். "நல்ல ரசம் லூர்து. ஊருக்குப் போய்க் கொடியப் பாத்துக்க." லூர்து அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே டெய்சியம்மா ஒரு மீன்காரியோடு வஞ்சிரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "இன்னிக்கு என் வீட்ல சாப்பாடு. போலீஸ்காரனையும் கூப்பிடு" என்றார். காடிப் பீப்பாயை லூர்து யாரையும் தொடவிடாமல் தானே தோளில் தூக்கிக்கொண்டார். ரயிலில்கூட அதைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டெய்சியம்மா அந்தக் காடியில் பூண்டையும் மிளகாயையும் அரைத்து மீனை ஊறப்போட்டுக் குழம்பு வைத்தார். விண்டாலு என்று பெயர் சொன்னார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்தோம். முனுசாமி, "சோக்கா கீது" என்று மூன்று முறை சோறு வாங்கினார். புளிக்குப் பதிலாகத் திராட்சைக் காடி. காரத்துக்குப் பின்னால் அந்த ரோஜா வந்து நிற்பதை நான் கண்டுகொண்டேன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

லூர்து ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார். மறுபடி ஒரு வாய் வைத்தார்.

"அம்மா, இது எங்க தோட்டத்துப் பழம் மாதிரியே வாசமா இருக்கும்மா" என்றார்.

டெய்சியம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

"ஒரே கொடிதானே மேன்" என்று சொல்லி, லூர்துவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.